பழைய விண்வெளித் தொடர்கள் எச்.டி. திரைக்கு வரும் வழி

பழைய அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று எச்.டி. திரைக்கு வருமா என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அது எதில் படமாக்கப்பட்டது, எதில் தொகுக்கப்பட்டது, வேலை முடிந்த பிறகு எது பத்திரப்படுத்தப்பட்டது. இன்றைய கணினிகளின் திறமை இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்து, பிலிமிலேயே வெட்டி ஒட்டி, நெகடிவைக் குளிர்ந்த அறையில் வைத்திருந்தால், 1965-ஆம் ஆண்டுத் தொடர் 1995-ஆம் ஆண்டுத் தொடரைவிடத் தெளிவாகத் தெரியும். கேட்பவருக்கு வியப்பாக இருக்கலாம். மீட்டெடுப்பு வேலை செய்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம்.

அமெரிக்காவும் ஜப்பானும் கையாண்ட என்.டி.எஸ்.சி. முறையில் ஒரு படத்துக்கு 525 வரிகள். திரையில் தெரிபவை சுமார் 480. மலேசியா, இந்தியா, இலங்கை, பிரிட்டன் ஆகிய நாடுகள் ஏற்ற பி.ஏ.எல். முறையில் 625 வரிகள்; தெரிபவை 576. இலக்கக் கணக்குக்கு மாற்றினால் முன்னதில் ஒரு படம் சுமார் 3.46 லட்சம் பிக்சல், பின்னதில் 4.15 லட்சம். 1920-க்கு 1080 என்ற எச்.டி. படத்திலோ 20.7 லட்சம். அமெரிக்கத் தொடர் ஒன்றின் வீடியோ நாடாவை எச்.டி. ஆக்கும்போது, திரையில் வரும் ஆறு பிக்சல்களில் ஐந்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். பிலிமில் அந்த ஐந்தும் முன்பே பதிவாகியிருக்கின்றன. நாடாவில் அவை ஒருபோதும் இருந்ததில்லை.

பிலிமில் பிக்சல் கிடையாது. ஜெலட்டின் படலத்தில் சிதறிக் கிடக்கும் வெள்ளி ஹாலைடு படிகங்கள் ஒளி பட்டு மாறுகின்றன. பிலிமைக் கழுவும்போது அவை இருந்த இடத்தில் சாயத் துளிகள் உருவாகின்றன. இந்தத் துளிகள் ஒவ்வொரு பிரேமிலும் வெவ்வேறு இடத்தில் விழுகின்றன. வினாடிக்கு 24 பிரேம் ஓடும்போது கண் அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதால், தனிப் பிரேமில் பிடிபடாத நுணுக்கமும் ஓட்டத்தில் புலப்படுகிறது. நல்ல நிலையிலுள்ள 35 மி.மீ. நெகடிவிலிருந்து எச்.டி.யைத் தாண்டி 4கே அளவில்கூட ஸ்கேன் எடுக்கலாம். 16 மி.மீ. பிரேமின் பரப்பு அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியும் ஏறத்தாழ எச்.டி. அளவுக்கு அதில் விவரம் தங்குகிறது.

தோட்டத்துப் பெட்டியில் தெரிந்த படம்

ஒரு தொடரில் எவ்வளவு பதிவானது, அதில் எவ்வளவு பார்வையாளரை எட்டியது என்ற இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளக்க வட சிலாங்கூர்த் தோட்டங்கள் பொருத்தமான இடம். மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று கருப்பு வெள்ளையில் தொடங்கியது. தீபகற்பத்துக்கு வண்ணம் வந்தது 1978-இல். அதற்கு முன்பு இங்கே காட்டப்பட்ட எந்த அமெரிக்கத் தொடரும், அது வண்ணப் பிலிமில் எடுக்கப்பட்டதாகவே இருந்தாலும், கோல சிலாங்கூரிலும் புக்கிட் ரோத்தானிலும் சாம்பல் நிறத்தில்தான் தெரிந்தது. மின்கம்பி எட்டாத லயங்களில் கார் பேட்டரியை வைத்துச் சிறிய பெட்டியை ஓட்டினார்கள். பேட்டரி இறங்க இறங்கப் படம் ஓரங்களில் சுருங்கும்.

வண்ணம் வந்த பிறகும் படம் பல கை மாறித்தான் வந்து சேர்ந்தது. ஹாலிவுட்டில் வினாடிக்கு 24 பிரேம் பிலிமில் எடுத்த காட்சியை, அமெரிக்க ஒளிபரப்புக்காக வினாடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்களாகப் பிரித்து நாடாவில் ஏற்றினார்கள். ஒரு பிரேம் மூன்று அரைப்படங்களாகவும் அடுத்தது இரண்டாகவும் மாறி மாறிப் பதிவாகும். அந்த நாடா பி.ஏ.எல். நாடு ஒன்றுக்கு விற்கப்பட்டால், 60 அரைப்படங்களை 50 ஆக்க வேண்டும். 480 வரிகளை 576 ஆக நீட்ட வேண்டும். மாற்றும் கருவி அக்கம் பக்கத்து அரைப்படங்களைக் கலந்து இதைச் செய்தது. விண்கலம் திரையைக் கடக்கும்போது அதன் விளிம்பு இரட்டையாகத் தெரிவதும், வண்ணம் ஓரத்தில் கசிவதும் இந்தக் கலப்பின் விளைவுகள்.

கடைசிக் கட்டம் வான்வழி. கெந்திங் பக்கத்துக் குனோங் உலு காலியின் ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து கோல சிலாங்கூர் நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. கடலோரச் சமவெளி என்பதால் அலைக்கு மலைத்தடை குறைவு. ஆனால் நேராக வந்த அலையோடு, எதிலாவது பட்டுத் திரும்பிய அலையும் ஏரியலை எட்டினால், இரண்டாவது அலை மைக்ரோவினாடிக் கணக்கில் பிந்தி வந்து படத்தின் வலப்பக்கம் மங்கலான நிழற்படம் ஒன்றைப் போடும். ஒருவர் வெளியே நின்று ஏரியல் கம்பத்தைத் திருப்ப, இன்னொருவர் உள்ளிருந்து "போதும், போதும்" என்று குரல் கொடுத்தது இந்த நிழலை விரட்டத்தான்.

இத்தனை இழப்புக்குப் பிறகும் பார்த்தவர்கள் குறை உணரவில்லை. அதற்குக் காரணம் கண்ணின் அமைப்பு. நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் குறைந்தபட்சக் கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் தொலைவில் அது சுமார் 0.9 மி.மீ. 14 அங்குலப் பெட்டியில் படத்தின் உயரம் 20 செ.மீ. அளவே; 576 வரிகளில் ஒரு வரிக்கு 0.35 மி.மீ. ஆக, வரிகள் கண்ணுக்குப் பிடிபட வாய்ப்பே இல்லை. அதே படத்தை இன்றைய 55 அங்குலத் திரையில் இரண்டரை மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு வரி 1.2 மி.மீ. உயரம் ஆகிறது, கண்ணின் எல்லையோ 0.7 மி.மீ. பழைய தொடர் புதுத் திரையில் அலங்கோலமாகத் தெரிவதற்கு இந்தக் கணக்கே காரணம். நாடா கெட்டுப்போகாமல் இருந்தாலும் இப்படித்தான் தெரியும். 1080 வரிகள் இருந்தால் ஒரு வரி 0.63 மி.மீ.க்கு இறங்கி மறுபடியும் கண்ணுக்கு மறைகிறது.

இதே தோட்டங்கள் தொலைக்காட்சிக்கு முன்பே இதைவிடத் துல்லியமான படம் பார்த்தவை. 1946-இல் தொடங்கிய மலாயா பிலிம் யூனிட் தயாரித்த படங்களைத் தகவல் இலாகாவின் வேன்கள் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுபோய் 16 மி.மீ. புரொஜெக்டரில் காட்டின, தமிழ் விளக்கவுரையோடும் படங்கள் இருந்தன. திடலில் கட்டிய வெள்ளைத் துணியில் விழுந்த அந்தப் படத்தின் பிலிம் சுருளில், பின்னாளில் பெட்டியில் தெரிந்ததைப் போல் பல மடங்கு விவரம் இருந்தது.

பிலிமில் தொடங்கி பிலிமில் முடிந்தவை

1960களின் தொடர்களுக்கு எச்.டி. எளிதாகக் கைகூடியதற்குக் காரணம், அப்போது வீடியோ நாடாவில் வெட்டி ஒட்டுவது பெரும்பாடாக இருந்ததுதான். அமெரிக்காவில் மாலை நேரத் தொடர்கள் பெரும்பாலும் 35 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டு, சினிமாவைப் போலவே நெகடிவ் வெட்டப்பட்டு, முடிந்த பிலிமாகவே நிலையத்துக்குப் போயின. 1966 முதல் 1969 வரை வந்த முதல் 'ஸ்டார் டிரெக்' தொடரின் 79 பகுதிகளும் அப்படிப்பட்டவை. பிரிட்டனில் ஜெர்ரி ஆண்டர்சன் குழுவின் 'தண்டர்பேர்ட்ஸ்', 'யூ.எஃப்.ஓ.', 'ஸ்பேஸ்: 1999' ஆகியவையும் 35 மி.மீ. படைப்புகளே. ஜப்பானில் எய்ஜி சுபுராயாவின் நிறுவனம் 1966-இல் கொடுத்த 'அல்ட்ரா கியூ' தொலைக்காட்சிக்கென்றே 35 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டது, அந்தத் துணிச்சலின் பலனாக 2019-இல் அது 4கே வட்டாக வந்தது. நெகடிவைக் கழுவி, ஸ்கேன் செய்து, கீறலும் தூசியும் நீக்கி, நிறத்தைச் சரிசெய்தால் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

முடிந்துவிடும் என்று எழுதுவது சுலபம். 45 நிமிடப் பகுதி ஒன்றில் வினாடிக்கு 24 வீதம் 64,800 பிரேம்கள் இருக்கின்றன. தூசியை மென்பொருள் கண்டுபிடித்து நீக்கும். ஆனால் விண்வெளிக் காட்சியில் நட்சத்திரத்துக்கும் தூசிக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. முந்தைய பிரேமிலும் அடுத்த பிரேமிலும் இல்லாத வெண்புள்ளி தூசி என்பது மென்பொருளின் விதி. வேகமாகக் கடக்கும் பொறி, வெடிப்பின் துகள், சிமிட்டும் விளக்கு ஆகியவையும் அந்த விதிக்குள் சிக்கி அழிந்துபோகும். அதனால் மனிதர் உட்கார்ந்து பிரேம் பிரேமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தப் பொறுமை வேலையில் சென்னைக்கு உலகளவில் பெயர் உண்டு. எல்.வி. பிரசாத் தொடங்கிய பிரசாத் நிறுவனம் இந்தியப் படங்களோடு வெளிநாட்டுப் படங்களையும் மீட்டெடுத்துக் கொடுத்துவருகிறது.

முதல் ஸ்டார் டிரெக்கில் ஒரு சிக்கல் எஞ்சியது. விண்கலத்தையும் நட்சத்திரப் பின்னணியையும் ஒன்றுசேர்க்க ஆப்டிகல் பிரிண்டர் என்னும் கருவியில் பிலிமை மறுபடி மறுபடி படமெடுத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பிலிமின் துளிகள் பெருத்தன, கூர்மை குறைந்தது. நடிகர் முகம் பளிச்சென்று தெரியும் எச்.டி. பிரதியில், அடுத்த விநாடி வரும் விண்கலம் சொரசொரவென்று தெரிந்தது. 2006 முதல் வெளியிடப்பட்ட மறுபதிப்பில் அந்தக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்து சேர்த்தார்கள். பின்னர் வந்த புளூ-ரே வட்டுகளில், பழைய காட்சி வேண்டுமா புதியது வேண்டுமா என்று பார்ப்பவரே தேர்ந்துகொள்ள வழி வைத்தார்கள். மறுபதிப்புகளில் பின்பற்றத்தக்க நேர்மை இது. சொரசொரப்பும் அந்தக் காலத்து உழைப்பின் பதிவுதான். அதை மறைத்துவிட்டுப் புதியதை மட்டும் கொடுப்பது வரலாற்றைத் திருத்துவதாகும்.

நடுவில் நாடாவுக்கு மாறியவை

உண்மையான இடர் 1980களில் தொடங்கியது. வீடியோவில் தொகுப்பது மலிவாகவும் விரைவாகவும் ஆனதால், பிலிமில் எடுத்த காட்சியை உடனே நாடாவுக்கு மாற்றி, வெட்டு, ஒட்டு, தந்திரக்காட்சி, தலைப்பு எல்லாவற்றையும் நாடாவிலேயே முடித்தார்கள். முடிந்த பகுதி என்று பிலிமில் எதுவும் இல்லை. 1987 முதல் 1994 வரை ஏழு பருவங்கள் ஓடிய 'ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' இந்த முறையில் உருவானது. பழைய ஸ்டார் டிரெக்கை விட இருபது ஆண்டு இளைய அந்தத் தொடரின் முழுமையான வடிவம், 480 வரி நாடாவில் மட்டுமே இருந்தது.

அதை எச்.டி. ஆக்க சி.பி.எஸ். நிறுவனம் எடுத்த முடிவு தொலைக்காட்சி வரலாற்றில் அரிதானது: தொடரை முதலிலிருந்து மறுபடி தொகுப்பது. படப்பிடிப்பில் ஓடிய கச்சா நெகடிவ் ஆயிரக்கணக்கான டப்பாக்களில் பத்திரமாக இருந்தது. பழைய நாடாவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் உரிய டேக்கைத் தேடி, அதே பிரேமில் தொடங்கி அதே பிரேமில் முடியும்படி எச்.டி.யில் மறுபடி கோத்தார்கள். பிலிமின் விளிம்பில் அச்சாகியிருக்கும் எண்கள் இந்தத் தேடலுக்கு உதவின.

தந்திரக்காட்சிகளே இதில் கடினமான பகுதி. தொடரின் எண்டர்பிரைஸ் விண்கலம் திரையைக் கடக்கும் சில வினாடிகளை எடுத்துக்கொண்டால், மாதிரியை அசையாமல் நிறுத்திவிட்டு, கணினி இயக்கும் கேமராவைத் தண்டவாளத்தில் ஒரே பாதையில் பலமுறை ஓட்டியிருப்பார்கள். ஒரு முறை கலத்தின் உடல் மட்டும் ஒளியூட்டப்பட்டிருக்கும். அடுத்த முறை எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னல் விளக்குகள் மட்டும். பிறகு இயந்திரத்தின் நீல ஒளி. இன்னொரு முறை, கலத்தின் வடிவத்தை வெட்டி எடுப்பதற்கான நிழலுருவம். இத்தனையும் தனித்தனிப் பிலிம் சுருள்கள். 1987-இல் இவற்றை நாடாவில் ஏற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கால் நூற்றாண்டு கழித்து மீட்புக் குழு அதே சுருள்களைத் தேடி எடுத்து, எச்.டி.யில் அதே வரிசையில் அடுக்கியது. புதிதாகக் கண்டது என்னவென்றால், மாதிரியில் கலைஞர்கள் செதுக்கியிருந்த தகடுகளும் வண்ண வேறுபாடுகளும் முதன்முறையாகத் திரையில் தெரிந்தன. ஆயுதக் கதிர், உடல் மறைந்து தோன்றும் மினுமினுப்பு போன்றவை தொடக்கத்திலேயே வீடியோவில் வரையப்பட்டவை; பிலிமில் அவற்றின் சுவடே கிடையாது. பழையதைப் பார்த்து அவற்றைப் புதிதாகச் செய்தார்கள். சில காட்சித் துண்டுகளுக்கு நெகடிவ் கிடைக்கவே இல்லை. அந்த இடங்களில் பழைய நாடாப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறார்கள். முதல் பருவம் 2012-இலும் ஏழாம் பருவம் 2014-இலும் வட்டாக வெளிவந்தன. 178 பகுதிகள், ஒரு கோடியைத் தாண்டும் பிரேம்கள்.

'த எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரும் நாடாவில் முடிக்கப்பட்டு, நெகடிவ் கையிலிருந்ததால் மறுபடி கோக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் எடுக்கப்பட்ட 'ஃபார்ஸ்கேப்' தொடருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை, பி.ஏ.எல். நாடாவிலிருந்து பெரிதாக்கிய படத்தையே 2011-இல் புளூ-ரேயில் கொடுத்தார்கள். முகங்களில் தோலின் அமைப்புத் தெரியவில்லை. அந்த ஒரு குறையே எது பிலிம், எது நாடா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கணினியில் பிறந்த விண்கலங்கள்

1993-இல் முன்னோட்டமும் 1994 முதல் 1998 வரை தொடரும் வந்த 'பாபிலோன் 5' மாதிரிகளைக் கைவிட்டு, விண்கலங்களைக் கணினியில் வரைந்தது. ரான் தார்ன்டன் தலைமையிலான ஃபவுண்டேஷன் இமேஜிங் குழு தொடக்கத்தில் அமிகா கணினிகளையும் லைட்வேவ் மென்பொருளையும் கொண்டு வேலை செய்தது. குறைந்த செலவில் நிறைந்த விண்வெளிப் போர்க் காட்சிகள் கிடைத்தன. ஆனால் கணினி எத்தனை வரிக்கு வரையச் சொன்னார்களோ அத்தனை வரியைத்தான் வரைந்தது. அது 480 வரிக் காலம். இதற்கு நெகடிவ் என்ற ஒன்று இல்லை. மூலம் என்பது மாதிரியின் கணினிக் கோப்பு. அந்தக் கோப்பு தொலைந்தால், அல்லது அதைத் திறக்கும் மென்பொருள் மறைந்தால், காட்சியை மறுபடி வரைய முடியாது.

நடிகர்கள் வரும் காட்சிகள் நாளைய அகலத்திரையை மனதில் வைத்துப் பிலிமில் எடுக்கப்பட்டவை. கணினிக் காட்சிகள் 4-க்கு 3 என்ற பழைய சட்டத்தில் செய்யப்பட்டவை. அகலத்திரை டி.வி.டி. வந்தபோது கணினிக் காட்சிகளின் மேலும் கீழும் வெட்டி நீட்டியதால், இருந்த கொஞ்ச நஞ்சத் துல்லியமும் போனது. 2021-இல் வார்னர் வெளியிட்ட மறுபதிப்பு பழைய 4-க்கு 3 சட்டத்துக்கே திரும்பியது. நடிகர் காட்சிகளை நெகடிவிலிருந்து ஸ்கேன் செய்து, கணினிக் காட்சிகளை மட்டும் பெரிதாக்கினார்கள். கையிலிருந்ததை வைத்துச் செய்யக்கூடிய சரியான சமரசம் அது.

'டீப் ஸ்பேஸ் நைன்', 'வாயேஜர்' ஆகிய இரண்டு ஸ்டார் டிரெக் தொடர்களும் இதே சந்தியில் நிற்கின்றன. முன்னதில் 176 பகுதிகள், பின்னதில் 172. பிலிம் இருக்கிறது, டீப் ஸ்பேஸ் நைன் பற்றிய 'வாட் வீ லெஃப்ட் பிஹைண்ட்' ஆவணப்படத்துக்காகச் சில காட்சிகளை நெகடிவிலிருந்து எச்.டி.யில் எடுத்தும் காட்டிவிட்டார்கள். ஆனால் பிந்தைய பருவங்களில் போர்க் காட்சிகள் கணினிக்கு மாறியதால் அவற்றைப் புதிதாக வரைய வேண்டும். நெக்ஸ்ட் ஜெனரேஷன் வட்டுகள் வந்த ஆண்டுகளில் வட்டுச் சந்தையே சுருங்கத் தொடங்கியிருந்தது. தடை பணமே, தொழில்நுட்பத்தில் விடைதெரியாத கேள்வி எதுவும் இல்லை.

நாடாவில் மட்டும் வாழ்ந்தவை

1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி.யில் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடர் பெரும்பகுதி ஸ்டூடியோவில் மின்னணுக் கேமராவில் எடுக்கப்பட்டு இரண்டு அங்குல நாடாவில் பதிவானது. நாடா விலை உயர்ந்தது, துடைத்து மறுபடி பயன்படுத்தலாம். பி.பி.சி. அப்படியே செய்தது. அறுபதுகளின் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகள் தொலைந்தன. எஞ்சியவை பிழைத்ததற்கு வெளிநாட்டு விற்பனையே காரணம். நாடாவைத் திரையில் ஓட்டி, அதைப் பிலிம் கேமராவால் படமெடுத்து, 16 மி.மீ. கருப்பு வெள்ளைப் பிரதிகளாக ஆசிய, ஆப்பிரிக்க நிலையங்களுக்கு அனுப்பினார்கள். 1967-ஆம் ஆண்டின் நான்கு பகுதிக் கதை ஒன்று 1990களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் முழுதாகக் கிடைத்தது. நைஜீரியாவிலிருந்து மீண்ட ஒன்பது பகுதிகள் 2013-இல் வெளியிடப்பட்டன. லண்டன் தலைமையகம் அழித்ததைத் தொலைதூர நிலையங்களின் பழைய அலமாரிகள் காப்பாற்றின.

டாக்டர் ஹூ மீட்புகளில் அறிவியல் அழகு மிக்கது வண்ணத்தைத் திரும்பப் பெற்றது. 1970களின் சில வண்ணப் பகுதிகளுக்குக் கருப்பு வெள்ளைப் பிலிம் பிரதி மட்டுமே மிஞ்சியிருந்தது. பி.ஏ.எல். முறையில் வண்ணத் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறி வருகிறது. பிலிமில் படமெடுக்கும்போது அதை வடிகட்டிவிட வேண்டும். சில வேளை வடிகட்டாமல் விட்டுவிட்டார்கள். அதனால் கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் மிக நுண்ணிய புள்ளிக் கோலம் பதிந்தது. பல்லாண்டுகள் அது குறையாகவே கருதப்பட்டது. பிலிமை உயர்ந்த துல்லியத்தில் ஸ்கேன் செய்து, திரையின் வளைவையும் பிலிமின் சுருக்கத்தையும் கணக்கில் நேராக்கி, அந்தப் புள்ளிகளின் நிலையை அளந்தால் எந்த இடத்தில் எந்த நிறம் இருந்தது என்று தெரிந்துவிடும். 1971-இன் 'த மைண்ட் ஆஃப் ஈவில்' கதையின் பெரும்பகுதி இப்படித்தான் தன் சொந்த வண்ணத்தை மறுபடி பெற்றது. இங்கே நிறம் யாரும் பூசியதல்ல. அன்றைய கேமரா பார்த்த நிறமே.

எச்.டி. என்று வந்தால் பழைய டாக்டர் ஹூவுக்கு வரம்பு கடுமையானது. 1970-இன் 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்' கதை மட்டும் விலக்கு. வேலைநிறுத்தத்தால் ஸ்டூடியோ கிடைக்காமல், முழுக் கதையையும் வெளியிடங்களில் 16 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள். தட்டுப்பாட்டால் நேர்ந்த அந்த மாற்றத்தால் 2013-இல் அது அசல் எச்.டி. வட்டாக வர முடிந்தது.

தமிழ்த் தொடர்களின் நிலையும் இதை ஒட்டியதே. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்த காலத்தில், தொலைக்காட்சிப் படைப்புகள் பல நேரடியாக வீடியோ நாடாவில் எடுக்கப்பட்டன. அப்படி எடுத்தவற்றுக்கு 576 வரியே உச்சவரம்பு. வேற்றுக்கோள் மனிதரைக் காட்டிய 1963-இன் 'கலை அரசி' போன்ற திரைப்படத்துக்கு இந்தத் தடை இல்லை, அது பிலிம்.

வரம்பைத் தாண்ட இன்று முன்வைக்கப்படுவது நரம்பியல் வலைப்பின்னல் மென்பொருள். துல்லியமான படத்தையும் அதைக் குறைத்த வடிவத்தையும் லட்சக்கணக்கில் காட்டி, குறைந்ததிலிருந்து நிறைந்ததை ஊகிக்க அதற்குப் பயிற்சி தருகிறார்கள். செங்கல் சுவர், இலை, துணி போன்ற ஒரே சீரானவற்றில் ஊகம் நன்றாக அமைகிறது. விண்கலக் கட்டுப்பாட்டுப் பலகையின் சிறு எழுத்தில் அது எழுத்தைப் போன்ற ஏதோ ஒரு கிறுக்கலைப் போடும். தூரத்து முகத்தில் அந்த நடிகருக்கு இல்லாத கண்ணை வைக்கும். படத்திலுள்ள இரைச்சலை நீக்குதல், வரிப்பிசிறு சரிசெய்தல் ஆகியவற்றுக்கு இந்த மென்பொருள் பயனுள்ளது. நெகடிவ் இருக்கும் தொடருக்கு அதைத் தேடாமல் இந்தக் குறுக்குவழியில் போவது தவறு. ஊகித்த படத்தை மூலம் என்று வட்டில் எழுதி விற்பது அதைவிடப் பெரிய தவறு.

வெப்பமும் ஈரமும்

பிலிமில் விவரம் இருக்கிறது என்பது பிலிம் உயிரோடு இருக்கும்வரை மட்டுமே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பயன்பட்ட பிலிமின் அடித்தளம் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட். ஈரத்தோடு வினைபுரிந்து அது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. வெளிவந்த அமிலமே அடுத்த சிதைவை விரைவுபடுத்துகிறது. டப்பாவைத் திறந்தால் எழும் புளித்த வாடை ரப்பர்த் தோட்ட ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்குப் பழக்கமானது; பால் உறைய ஊற்றிய அமிலங்களில் இதுவும் ஒன்று. 21 பாகை வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் புதிய அசிட்டேட் பிலிமில் இந்தச் சிதைவு தலைகாட்டச் சுமார் நாற்பது ஆண்டுகள் ஆகும் என்று ஆய்வுகள் கணிக்கின்றன. பகலில் 32 பாகையைத் தொட்டு, ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் கோல சிலாங்கூர்க் கடற்கரைக் காற்றில் அந்த அவகாசம் வெகுவாகக் குறையும். குளிரூட்டிய, ஈரம் நீக்கிய அறை இல்லாமல் இந்தப் பகுதியில் பிலிம் தாங்காது.

நாடாவின் கதி வேறு விதம். காந்தத் துகளை ஒட்டிவைத்திருக்கும் பாலியூரிதேன் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து இயந்திரத்தின் தலையில் அப்பிக்கொள்ளும். சுமார் 50 பாகையில் பல மணி நேரம் மெல்லச் சூடாக்கினால் பசை தற்காலிகமாக இறுகும். அந்த இடைவெளியில் நாடாவை ஓட்டிப் பிரதி எடுத்துவிட வேண்டும்.

இந்த வட்டாரம் இழந்ததற்கும் காத்ததற்கும் ஒரே கதைவரிசையிலிருந்து சான்று உண்டு. பி.என். ராவ் இயக்கி 1957-இல் வந்த 'பொந்தியானாக்' மலாய்த் திகில் படத்தின் பிரதி எதுவும் இன்று கிடைக்கவில்லை. படத்தின் தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் அதை ஈயச்சுரங்கக் குட்டை ஒன்றில் வீசிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அதே ராவ் இயக்கிய 'சும்பா பொந்தியானாக்' பிழைத்திருந்ததால் சிங்கப்பூரிலுள்ள ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கைக்கு வந்து 4கே தரத்தில் மீட்கப்பட்டது. இரண்டாவது படத்துக்குச் செய்த வேலையை முதலாவதற்குச் செய்ய எந்த மென்பொருளாலும் முடியாது.

மலேசியாவில் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு முழுவதும் இலக்க முறைக்கு மாறியது. பத்தாங் பெர்ஜுந்தையில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், செம்பனைத் தோட்டத்து வீடுகளிலும் எச்.டி. திரை இருக்கிறது, நிழற்படம் விழுவதில்லை, ஏரியலைத் திருப்ப வேண்டியதில்லை. காட்டும் கருவி தயார். காட்டப்பட வேண்டிய பழைய படைப்புகளில், பிலிமில் உள்ளவை குளிரறையில் இருந்தால் காத்திருக்க முடியும். நாடாவில் உள்ளவற்றுக்கு அவகாசம் குறைவு. சோனி நிறுவனம் பீட்டாகேம் நாடா விற்பனையை 2016-இல் நிறுத்திவிட்டது. பழைய நாடாக்களை ஓட்டும் இயந்திரங்கள் பழுதானால் உதிரிப்பாகத்தை இன்னொரு பழைய இயந்திரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். 576 வரியே ஆனாலும், அந்த வரிகளை இழப்பில்லாத இலக்கக் கோப்பாக மாற்றி வைக்கும் வேலை முதலில் வருகிறது, அதை எச்.டி. ஆக்குவது பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.